விமானிகளின் இரு பேரேடுகள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதம் வத்தேகமையைக் கடந்து, மலைச்சரிவுகளை ஒட்டி வளைந்து வந்து, மாத்தளையை எட்டுவதற்கு முன் உக்குவளையில் நிற்கும். 1880ஆம் ஆண்டில் மாத்தளை வரையும் அந்தப் பாதை திறக்கப்பட்டது. தோட்டங்களின் விளைவைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே அன்று அதன் பெரு நோக்கம். கோப்பி அழிந்தது, கொக்கோவும் தேயிலையும் இறப்பரும் வந்தன. இன்று அந்த நிலையத்தில் மூட்டை முடிச்சோடு நிற்பவர்களுள் சிலரைப் பார்த்தால், அவர்கள் கட்டுநாயக்காவுக்குப் புறப்பட்டவர்கள் என்பது பெட்டியைக் கட்டிய கயிற்றிலிருந்தே தெரியும். குவைத்துக்கும் கட்டாருக்கும் உழைக்கப் போகிறவர்கள் அவர்கள். பாட்டன் கப்பலேறி மன்னாரில் இறங்கி நடந்து வந்தான். பேரன் விமானமேறிப் போகிறான்.

அவ்வூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர் 2019ஆம் ஆண்டின் இறுதியில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய், திருத்தலங்களைத் தரிசித்துத் திரும்பினார். தோட்டத்திலே நெடுங்காலம் வேலை செய்து ஓய்ந்தவர். போய்வந்த கதையெல்லாம் சொல்லி முடித்தபின் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, சீட்டிலே ஏர் இந்தியா இலக்கம் போட்டிருந்தது. விமானத்திலே அலையன்ஸ் ஏர் என்று எழுதியிருந்தது. அதை ஓட்டினவர் யாருடைய ஆள்?"

நேயர்களே, இந்தக் கேள்வியின் கனத்தை நான் அப்போது உணரவில்லை. படித்தவர்கள் இப்படிக் கேட்பதில்லை. விமானம் நேரத்துக்குப் புறப்பட்டதா, உணவு கொடுத்தார்களா என்றே கேட்பார்கள். "யாருடைய ஆள்" என்பது தோட்டத்திலே பிறந்த வினா. ஒரு காலத்தில் தோட்டத் தொழிலாளி துரையின் ஆளாக இருந்ததில்லை. கங்காணியின் ஆளாகவே இருந்தான். ஆள் பிடித்து வந்தவர் கங்காணி. வழிச்செலவுக் கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது. துரை கங்காணியோடு பேசுவார். கங்காணி ஆளோடு பேசுவார். தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கிடைத்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின் அவனுடைய கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், வேலையை வாங்குபவர் ஒருவர், வேலைக்காரனுக்குப் பொறுப்பானவர் வேறொருவர் என்ற ஏற்பாட்டின் சுவை அத்தோடு மறைந்துவிடவில்லை. தோட்டத்தில் செக்ரோலில் பெயர் பதிந்தவர் ஒரு வகையினர். கிலோக் கணக்கில் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவர் இன்னொரு வகையினர். இருவரும் ஒரே மலையில் ஒரே செடியில் பறிக்கிறார்கள். ஒருவருக்குச் சேமலாப நிதி உண்டு. மற்றவருக்கு அது எளிதில் கிட்டுவதில்லை. இவர்களுக்குள் மூளும் பிணக்கு, பெரும்பாலும் துரைமாரின் பங்களா வரையில் போகாமல், மலையிலேயே கொழுந்துக் கூடைகளுக்கு நடுவே நடந்து முடிந்துவிடும்.

நான்கு பொன்வரிப் பட்டை தோளில் மின்ன, பெருஞ்சம்பளம் பெறும் விமானிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தொடர்பைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

முதலில் விமானியின் தொழிலிலே ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு வைத்தியர் ஓர் ஆசுபத்திரியை விட்டு இன்னோர் ஆசுபத்திரிக்குப் போனால் அவருடைய அனுபவமும் மதிப்பும் அவருடனேயே போகும். விமானியின் நிலை பெரும்பாலும் அப்படியன்று. பெரிய விமானக் கம்பனிகளில் ஒவ்வொரு விமானிக்கும் சேவை மூப்பின்படி ஓர் இலக்கம் உண்டு. எவ்வகை விமானத்தை ஓட்டலாம், உள்ளூரில் ஓட்டுவதா கடல் கடந்து ஓட்டுவதா, துணை விமானி எந்த ஆண்டில் தலைமை விமானியாவார், தீபாவளிக்கு வீட்டில் இருப்பவர் யார், ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியே போகிறவர் யார் என்பன யாவும் அந்த இலக்கத்தைப் பார்த்தே தீர்மானிக்கப்படும். அந்த இலக்கம் ஒரு கம்பனியின் பேரேட்டில் மட்டுமே செல்லும். எனவே இரு கம்பனிகள் ஒன்றாகும்போதோ, ஒரு கம்பனி தன் வேலையில் ஒரு பகுதியை இன்னொரு கம்பனிக்குக் கொடுக்கும்போதோ, பயணிக்கு எந்த மாறுதலும் தெரியாது. விமானிக்கோ தன் காணி உறுதியையே யாரோ திருத்தி எழுதுவதுபோல் இருக்கும்.

இனி இந்தியாவுக்குப் போவோம். சுதந்திரத்துக்குப் பின் அங்கே சிறிதும் பெரிதுமாகப் பல விமானக் கம்பனிகள் இருந்தன. யுத்தம் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த டகோட்டா விமானங்களை வாங்கி ஓட்டிப் பல நட்டமடைந்தன. 1953ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் விமானக் கூட்டுத்தாபனச் சட்டத்தை நிறைவேற்றிற்று. எட்டுக் கம்பனிகள் சேர்ந்து இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரு கூட்டுத்தாபனமாகி, அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி தொழிலைத் தொடங்கின. டெக்கான், பாரத், இமாலயன், கலிங்கா என்று அந்தக் கம்பனிகளின் பெயர்களே ஒரு பூகோள பாடம். 99 விமானங்கள் புதிய கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தன. அவற்றுள் 74 டகோட்டாக்கள். கடல் கடந்து பறப்பதற்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்ற மற்றொரு கூட்டுத்தாபனம் தனியாக வைக்கப்பட்டது. 1948 ஜூன் மாதத்தில் பம்பாயிலிருந்து இலண்டனுக்கு முதன்முதல் பறந்த கம்பனி அது. ஜே. ஆர். டி. டாட்டா அதன் தலைவராகத் தொடர்ந்தார்.

ஒரே அரசாங்கம், ஒரே சட்டம், பிறந்தவை இரண்டு. ஒன்று உலகத்தைச் சுற்றிற்று; மற்றது நாட்டினுள்ளே சுற்றிற்று. ஒன்றின் விமானி இலண்டனில் இரவு தங்கினார். மற்றதின் விமானி நள்ளிரவில் நாகபுரியில் தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ திரும்பினார். 1949இல் தொடங்கிய அந்த இராத் தபால் சேவையைப் பற்றித் தனியாகவே ஒரு பேச்சு நிகழ்த்தலாம். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் நான்கு விமானங்கள் நள்ளிரவில் ஓரிடத்தில் இறங்கி, மூட்டைகளைப் பரிமாறிக்கொண்டு, வந்த வழியே திரும்பும். உள்நாட்டு விமானியின் பெருமையெல்லாம் இத்தகைய உழைப்பில் இருந்தது. ஆயினும் மதிப்பென்னவோ கடல் கடந்தவருக்கே அதிகம் இருந்தது.

இரு கூட்டுத்தாபன விமானிகளும் இரு சங்கங்களாக நின்றனர். ஏர் இந்தியாவில் இந்திய விமானிகள் கில்ட். இந்தியன் ஏர்லைன்ஸில் இந்திய வர்த்தக விமானிகள் சங்கம். இரண்டும் வலுவுள்ள சங்கங்கள். இரண்டும் நிர்வாகத்தோடு பலமுறை மோதியவை. ஆயின் ஒன்றின் போராட்டத்தில் மற்றது தோள் கொடுத்த வரலாறு மிகச் சொற்பம். சம்பளத்திலே ஒரு தரப்புக்கு ஏதேனும் கூடினால், "அவர்களுக்குக் கிடைத்ததே, எங்களுக்கு ஏன் இல்லை" என்பதே மறு தரப்பின் கோரிக்கையாக அமைந்தது. நிர்வாகத்துக்கு இது தலைவலி என்று சொல்வார்கள். தலைவலியோடு ஒரு சௌகரியமும் அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

1981ஆம் ஆண்டில் மூன்றாவது பேரேடு ஒன்று திறக்கப்பட்டது. இந்தியாவின் வடகிழக்கு மலைநாட்டுக்கும், பெரிய விமானம் இறங்க முடியாத சிற்றூர்களுக்கும் சேவை செய்ய வாயுதூத் என்ற கம்பனியை இந்த இரு கூட்டுத்தாபனங்களும் சேர்ந்து நிறுவின. டோர்னியர் போன்ற சிறு விமானங்களை அது ஓட்டிற்று. மழையிலும் முகிலிலும் குறுகிய ஓடுபாதைகளில் இறங்குவது எளிய வித்தையன்று. பெரிய விமானத்தை ஓட்டுவதைவிடக் கடினம் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கம்பனி நட்டத்தில் மூழ்கியபோது 1993இல் அதை இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைத்தார்கள். இணைத்தபின் அந்தச் சிறு விமானச் சேவையைக் குறுந்தூரப் பிரிவு என்று ஒரு தனிப் பிரிவாகவே வைத்தார்கள். பெயரளவில் ஒரே குடும்பம். பந்தி மட்டும் வேறு.

அதே 1993ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு சம்பவம் நம் பொருளுக்கு நடுமையமானது. 1992ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். விமானங்கள் நின்றன. அரசாங்கம் பணியவில்லை. வெளிநாட்டிலிருந்து விமானங்களை, அவற்றின் ஓட்டிகளோடும் பணியாளரோடும் சேர்த்து, வாடகைக்கு எடுத்து ஓட்டச் செய்தது. சோவியத் நாடு அப்போதுதான் சிதறியிருந்தது. உஸ்பெக்கிஸ்தானில் விமானங்களும் இருந்தன. வேலை தேடிய விமானிகளும் இருந்தனர். இவ்வாறு வந்த ஒரு துப்பொலெவ் விமானம் 1993 ஜனவரி 9ஆம் திகதி ஹைதராபாத்திலிருந்து டில்லிக்குப் பறந்தது. டில்லியில் மார்கழி மாதத்து மூடுபனி. இறங்கும்போது விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, மோதி, தலைகீழாய்க் கவிழ்ந்து தீப்பற்றிற்று. அதில் 165 பேர் இருந்தனர். அத்தனை பேரும் உயிர் தப்பினர் என்பதை இன்று நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது.

விமானப் போக்குவரத்து அமைச்சராயிருந்த மாதவராவ் சிந்தியா அதற்குத் தார்மிகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். 1956இல் அரியலூர் ரயில் விபத்துக்காக லால் பகதூர் சாஸ்திரி பதவி துறந்ததைத் தமிழ் மக்கள் நன்கறிவர். அந்த மரபிலே வந்த செயல் இது. அமைச்சர் விலகினார். ஆனால் அந்த விபத்து எழுப்பிய கேள்வி விலகவில்லை. பயணி வாங்கிய சீட்டு இந்தியன் ஏர்லைன்ஸினுடையது. இலக்கமும் அவர்களுடையதே. ஓட்டிய கைகள் மட்டும் வேறு நாட்டவை. அந்த நாட்டு மூடுபனியோடு பழகாதவை. அந்த உஸ்பெக் விமானியைக் குற்றஞ்சாட்டுவது என் கருத்தன்று. அவரும் சம்பளத்துக்கு வந்த ஆளே. வேலைநிறுத்தத்தை உடைக்க அவரை அழைத்து வந்தவர்கள் தரையில் இருந்தார்கள்.

இதே காலத்தில் வேறொரு மாறுதலும் நிகழ்ந்தது. தனியார் கம்பனிகள் வானத்தில் நுழைந்தன. 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1994இல் நீக்கப்பட்டது. அரசாங்கக் கம்பனியின் விமானிகள் பலர் கூடிய சம்பளத்துக்காகத் தனியாரிடம் போயினர். 1996இல் இந்தியன் ஏர்லைன்ஸ் அலையன்ஸ் ஏர் என்ற ஒரு கிளைக் கம்பனியைத் தொடங்கிப் பழைய போயிங் விமானங்கள் சிலவற்றை அதனிடம் கொடுத்தது. ஏர் இந்தியாவும் பின்னிடவில்லை. 2005இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கட்டணக் கம்பனி ஒன்று கேரளத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பறக்கத் தொடங்கிற்று. திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் காத்திருந்தவர்களுக்கு அதன் பெயர் நன்கு பழக்கமானது. தாய்க் கம்பனியில் நிரந்தர உத்தியோகம். கிளைக் கம்பனியிலோ ஒப்பந்த உத்தியோகம். கிளையில் பறப்பவர் தாயில் சேரலாம் என்ற நம்பிக்கையோடு பறப்பார். தாயில் இருப்பவர், தம் வேலை கிளைக்கு வழுகிப் போய்விடுமோ என்ற அச்சத்தோடு பறப்பார்.

இந்த அச்சத்தின் முழு வடிவத்தையும் பார்க்க வேண்டுமாயின் அமெரிக்காவைச் சற்று எட்டிப் பார்க்க வேண்டும். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே விமானக் கட்டணங்களுக்கும் வழித்தடங்களுக்கும் இருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீங்கியபின், பெருங் கம்பனிகள் தம் சிற்றூர்ச் சேவைகளைச் சிறு கம்பனிகளிடம் குத்தகைபோல் ஒப்படைத்தன. பெருங் கம்பனியின் வர்ணம், பெருங் கம்பனியின் பெயர், பெருங் கம்பனியின் சீட்டு. ஓட்டுபவர்கள் குறைந்த சம்பளத்துச் சிறு கம்பனி ஆட்கள். பெருங் கம்பனி விமானிகள் தம் சங்கத்தின் மூலம் ஒப்பந்தத்தில் ஓர் எல்லை விதியைப் புகுத்தினர்: இத்தனை ஆசனங்களுக்கு மேற்பட்ட விமானத்தை வெளியாரிடம் கொடுக்கக் கூடாது என்பது அது. ஐம்பது என்றும் எழுபது என்றும் எழுபத்தாறு என்றும் அந்த எண் பேரத்தில் ஏறிற்று. மூத்தவர்களுக்கு அது வேலி. இளையவர்களுக்கு அது சுவர். இதில் விநோதம் என்னவெனில், இரு சாராரும் 1931இல் தொடங்கிய ஒரே விமானிகள் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர்கள். டெல்டா கம்பனியின் கிளையான கொமெயர் விமானிகள் 2001 மார்ச் மாதம் தொடங்கி 89 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதே ஆண்டில் கிளைக் கம்பனி விமானிகள் சிலர் தம் சொந்தச் சங்கத்தின் மீதே வழக்குத் தொடுத்தனர். தாய்க் கம்பனி விமானிகளுக்காகச் சங்கம் தங்களை விற்றுவிட்டது என்பது அவர்களுடைய முறைப்பாடு.

பிறகு 2009 பெப்ரவரியில் பஃபலோ நகருக்கருகே ஒரு விமானம் வீழ்ந்து 50 பேர் மாண்டனர். பயணிகள் சீட்டு வாங்கியது கொன்டினென்டல் என்ற பெருங் கம்பனியின் பெயரில். ஓட்டியது கோல்கன் என்ற சிறு கம்பனி. விசாரணையின்போதுதான் பொதுமக்களுக்கு அந்தத் துணை விமானியின் சொற்பச் சம்பளமும், அவர் நாட்டின் மறு கோடியிலிருந்து இரவெல்லாம் பயணஞ் செய்து வேலைக்கு வந்ததும் தெரியவந்தன. அதன்பின் சட்டம் இறுகிற்று. துணை விமானியாவதற்கும் 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்பது பொது விதியாயிற்று.

நமது நாட்டுக் கதை இதற்கு முற்பட்டது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஏர் சிலோன் 1947 டிசம்பரில் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு டகோட்டா விமானத்தில் பறக்கத் தொடங்கிற்று. உள்ளூருக்கும் அண்டை நாட்டுக்கும் நம்மவர் ஓட்டினர். தூர தேசங்களுக்குப் பறக்கும்போதோ ஆஸ்திரேலியக் கம்பனி ஒன்று, பின் டச்சுக் கம்பனி, பின் பிரித்தானியக் கம்பனி, பின் பிரெஞ்சுக் கம்பனி என்று பங்காளிகள் மாறி மாறி வந்தனர். பெரிய விமானமும் பெரிய சம்பளமும் பெரும்பாலும் பங்காளியோடு வந்தன. பெயர் மட்டும் நம்முடையதாயிருந்தது.

மறுபடியும் இந்தியா. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இரு அரசாங்கக் கம்பனிகளும் தனித்தனியே புதிய விமானங்களுக்குக் கட்டளை கொடுத்தன. ஏர் இந்தியாவுக்கு 68 போயிங். இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43 ஏர்பஸ். அந்தப் போயிங்குகளுள் 27, டிரீம்லைனர் என்ற புது வகையைச் சேர்ந்தவை. விமானங்கள் வந்து சேர்வதற்குள், 2007 ஆகஸ்டில், இரு கம்பனிகளையும் ஒன்றாக்கினார்கள். 1953இல் பிரித்து வைத்ததை ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்துச் சேர்த்தார்கள்.

சேர்த்தது எதை? பெயரைச் சேர்த்தார்கள்; கடனைச் சேர்த்தார்கள்; விமானங்களின் வாலில் ஒரே சின்னத்தைத் தீட்டினார்கள். விமானிகளின் மூப்புப் பேரேட்டைச் சேர்க்கவில்லை. சம்பள விதிகளைச் சேர்க்கவில்லை. ஒரே கம்பனியின் ஒரே சீருடையணிந்த இருவர் பக்கத்துப் பக்கத்து விமானங்களில் அமர்ந்திருப்பர். ஒருவர் பழைய ஏர் இந்தியாவின் விதிப்படியும் மற்றவர் பழைய இந்தியன் ஏர்லைன்ஸின் விதிப்படியும் ஊதியம் பெறுவர். ஐந்து ஆண்டு இப்படியே கழிந்தது. இதை மறதி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கடினமான வேலையைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்தவர்கள், அந்தப் பிறகு வரும்போது தாங்கள் அந்த நாற்காலியில் இருக்கப் போவதில்லை என்பதை அறிந்திருந்தார்கள்.

முதலில் வெடித்தது உள்நாட்டுத் தரப்பு. 2011 ஏப்ரல் மாதக் கடைசியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். மறு தரப்பினருக்கு ஒப்பான சம்பளம் வேண்டும். பறக்கும் நேரம் குறைந்தாலும் குறிப்பிட்ட மணிநேரத்துக்குரிய படி உறுதியாகக் கிடைக்க வேண்டும். நிர்வாகச் சீர்கேட்டை விசாரிக்க வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகள். நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்துச் செய்தது. சிலரை வேலையினின்று நீக்கிற்று. உள்நாட்டுச் சேவை முடங்கிற்று. கடல் கடந்த சேவையோ பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாளில், மே 6ஆம் திகதி, ஓர் உடன்பாட்டோடு அது முடிந்தது. இரு தரப்பையும் எவ்வாறு இணைப்பது என்று ஆராய நீதியரசர் தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2012 ஜனவரியில் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது.

அறிக்கை வந்த சில மாதங்களில் மறு தரப்பு வெடித்தது. டிரீம்லைனர் விமானத்தை ஓட்டும் பயிற்சிக்கு இரு தரப்பிலிருந்தும் விமானிகளை அனுப்ப நிர்வாகம் முடிவு செய்தது. பழைய ஏர் இந்தியாவின் கில்ட் கொதித்தெழுந்தது. அவர்கள் சொன்ன நியாயத்தைச் சற்றுப் பொறுமையாகக் கேட்போம். "இந்த விமானங்களுக்கு இணைப்புக்கு முன்பே எங்கள் கம்பனி கட்டளை கொடுத்தது. எங்களில் துணை விமானியாக இருப்பவர் தலைமை விமானியாவதற்குப் பல்லாண்டு காத்திருக்கிறார். உள்நாட்டுத் தரப்பில் விமானங்கள் அதிகம், ஆதலால் அங்கே விரைவில் தலைமை விமானியாகிவிடுகிறார்கள். இப்போது எங்களுக்கென்று வந்த விமானத்திலும் அவர்கள் எங்களுக்கு முன்னால் அமர்ந்தால் எங்கள் காத்திருப்பு என்னாவது?" மறு தரப்பின் நியாயமும் எளிதில் தள்ளக் கூடியதன்று. "கம்பனி ஒன்று என்று நீங்களே சொன்னீர்கள். கடனில் எங்களுக்குப் பங்கு உண்டென்றால் விமானத்தில் ஏன் இல்லை?"

2012 மே மாதம் 8ஆம் திகதியளவில் கில்டைச் சேர்ந்த விமானிகள் ஒருவர் பின் ஒருவராகச் சுகயீனம் என்று அறிவித்து வீட்டில் இருந்தனர். மறுநாளே டில்லி உயர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதமென்று தடுத்தது. நிர்வாகம் கில்டின் அங்கீகாரத்தையும் ரத்துச் செய்தது. ஏறத்தாழ நூறு விமானிகளைப் பணி நீக்கிற்று. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் சேவைகள் குறைக்கப்பட்டன. கோடை விடுமுறைக்குப் பயணச்சீட்டு வாங்கியவர்கள் விமான நிலையங்களில் தவித்தனர். இம்முறை உள்நாட்டுத் தரப்பினர் தம் விமானங்களை வழக்கம்போல் ஓட்டிக்கொண்டிருந்தனர். சென்ற ஆண்டு அவர்கள் நின்றபோது இவர்கள் பறந்தார்கள். இவ்வாண்டு இவர்கள் நின்றபோது அவர்கள் பறந்தார்கள். 58 நாள் கழித்து, ஜூலை 3ஆம் திகதி, நீதிமன்றத்தின் முன் கில்ட் போராட்டத்தைக் கைவிட்டது. அவர்களில் வேலை இழந்தவர்கள் மன்னிப்பும் உறுதிமொழியும் வேண்டித் தனித்தனியே கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

முதல் டிரீம்லைனர் அவ்வாண்டு செப்டெம்பரில் வந்தது. கடல் கடந்து பறப்பதற்காகவே வாங்கப்பட்டு, யார் ஓட்டுவது என்று இத்தனை பேர் இத்தனை நாள் சண்டையிட்ட அந்த விமானம், முதன்முதலில் பயணிகளை ஏற்றிச் சென்றது டில்லியிலிருந்து சென்னைக்கு; உள்நாட்டு வழியிலே.

உக்குவளை முதியவருக்கு இந்தப் பகுதியைச் சொன்னபோது அவர் வெகு நேரம் சிரித்தார். பிறகு தம் இளமையில் நடந்த ஒன்றைச் சொன்னார். மலையிலே இரு கங்காணிமாரின் ஆட்களுக்குள் எந்த வரிசை யாருக்கு என்று பெருஞ் சச்சரவாம். கொழுந்து முற்றிப் போகும் வரையில் சண்டை ஓயவில்லையாம். கடைசியில் இரு சாராருக்கும் அன்று அரைப் பேர்தான் போடப்பட்டதாம். அரைப் பேர் என்றால் அரை நாட் சம்பளம் என்பது தோட்டத்து நேயர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கதையின் மிகுதி சமீப காலத்தது. 2022 ஜனவரி 27ஆம் திகதி ஏர் இந்தியாவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறின. அறுபத்தொன்பது ஆண்டுக்கு முன் அரசாங்கம் எடுத்துக்கொண்டது முதலாளியின் குடும்பத்துக்கே திரும்பிற்று. அடுத்த ஆண்டு ஏப்ரலில் புதிய நிர்வாகம் விமானிகளுக்கு ஒரு புதிய ஒப்பந்தத்தை நீட்டியது. மாதம் 70 மணி நேரத்துக்கென உறுதியாக இருந்த பறப்புப் படி அதில் 40 மணி நேரமாகக் குறைந்திருந்தது. அப்போது ஒரு புதுமை நிகழ்ந்தது. பழைய கில்டும் பழைய வர்த்தக விமானிகள் சங்கமும், 2011இலும் 2012இலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு பறந்த அதே இரண்டும், சேர்ந்து நின்றன. கையெழுத்திடாதீர்கள் என்று தம் உறுப்பினர்களுக்கு ஒரே குரலில் அறிவித்தன. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட விமானிகள் கையொப்பமிட்டு ரத்தன் டாட்டாவுக்கு விண்ணப்பம் அனுப்பினர். ஆனால் ஒப்பந்தமோ சங்கத்துக்கு வரவில்லை. ஒவ்வொருவர் பெயருக்கும் தனித்தனியே வந்தது. கடன் உள்ளவர், பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், ஓய்வுக்கு இரண்டாண்டு உள்ளவர் என்று ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் இருந்து அதைப் படிக்க வேண்டியதாயிற்று. காலப்போக்கில் பெரும்பாலோர் கையெழுத்திட்டனர்.

2024 நவம்பரில் விஸ்தாரா என்ற இன்னொரு கம்பனியும் ஏர் இந்தியாவில் கலந்தது. கலப்பதற்கு முன்பே, அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில், அதன் விமானிகளும் இதே 40 மணி நேர விதியை எதிர்த்தனர். பல சேவைகள் நின்றன. மறுபடியும் இரு பேரேடுகளை ஒன்றாக எழுத வேண்டிய வேலை.

அலையன்ஸ் ஏர் மட்டும் இந்த விற்பனையில் சேர்க்கப்படவில்லை. தாய் கைமாறியபோது கிளை அரசாங்கத்திடமே தங்கிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நின்றுபோன பலாலிச் சேவையை அது 2022 டிசம்பர் 12ஆம் திகதி மீண்டும் தொடங்கிற்று. முதியவர் மறு முறை போனபோது சீட்டில் ஏர் இந்தியாவின் இலக்கம் இல்லை. அலையன்ஸ் ஏரின் இலக்கமே இருந்தது. "இப்போது தெரிகிறது, ஐயா, ஓட்டுகிறவர் யாருடைய ஆள் என்று," என்றார். பிறகு அந்த விமானியின் பெயர் அந்தப் பெரிய பேரேட்டில் இனி எப்போதாவது ஏறுமா என்று கேட்டார். அது வேறு கம்பனி, அந்த வழி அடைபட்டுவிட்டது என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, மாத்தளைக்குப் போகும் புகையிரதத்தைப் பார்க்க எழுந்து போனார்.